கொப்புளம் விட்ட ஃபைபர் படகுக்குப் பட்டி போடலாமா?

கேள்வி: சென்னையிலிருந்து 14 அடி பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கி, காவேரிப்பட்டணத்தில் எங்கள் மாந்தோப்பில் வைத்திருக்கிறேன். அடிப்பக்கம் முழுக்கக் கொப்புளம். ஓரிடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. வாங்கிக் கொடுத்த தரகர், "கடல் உப்பு செய்த வேலை. ஏரித் தண்ணீரில் வராது. பட்டி போட்டு பெயின்ட் அடித்தால் போதும்" என்று சொல்லி, ஆளையும் அவரே அனுப்புவதாகச் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: வேண்டாம். அந்த ஆளை வரவேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

தரகர் சொன்னது தலைகீழ். ஃபைபருக்கு மேலே ஜெல்கோட் என்று அரை மில்லிமீட்டர் அளவில் ஒரு பூச்சு இருக்கும். அதன் வழியாகத் தண்ணீர் மெல்லக் கசிந்து, உள்ளே கரையக்கூடிய பொருள்களோடு சேர்ந்து, மேலும் மேலும் தண்ணீரை இழுக்கும். அந்த அழுத்தம்தான் கொப்புளமாகிறது. கடல் நீரைவிட நல்ல தண்ணீரில்தான் இது வேகமாக நடக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு கொப்புளத்தைக் குத்திப் பாருங்கள். வினிகர் வாடையோடு பிசுபிசுவென்று ஏதாவது வந்தால் சந்தேகமே இல்லை.

அதன்மேல் பட்டி பார்த்தால் ஈரம் உள்ளேயே அடைபடும். கார் பட்டறையில் போடுகிற பட்டியில் டால்க் பவுடர் இருக்கிறது. அதுவே தண்ணீர் குடிக்கும். விற்கிறவரும் ரிப்பேர் ஆளும் ஒரே கையாக இருந்தால், படகு பளபளவென்று உங்கள் வாசலைத் தாண்டும் வரைதான் அவர்களுக்குக் கவலை. அடுத்த வருடம் கொப்புளம் வந்தால் போனை எடுக்க மாட்டார்கள்.

படகைக் கவிழ்த்துப் போட்டு, கொப்புளங்களை கிரைண்டரால் திறந்து, நல்ல தண்ணீரில் பலமுறை கழுவுங்கள். உள்ளே இருக்கும் அமிலம் போனால்தான் காயும். அப்புறம் வாரக்கணக்கில் காய விடுங்கள். மாசி, பங்குனியில் உங்கள் ஊர் வெயில் இதற்கு அருமையான துணை. ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, மறுநாள் பாருங்கள். உட்புறம் வியர்த்திருந்தால் இன்னும் காயவில்லை.

ஓட்டைக்கு, அதன் விளிம்பைச் சுற்றிலும் சரிவாகத் தேய்க்க வேண்டும். படகின் உடம்பு 4 மி.மீ. தடிமன் என்றால் சரிவு 5 செ.மீ. அகலம் இருக்கட்டும். அதன்மேல் மேட் (சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள கண்ணாடி இழை விரிப்பு), ரெசின் (இழையைப் பிடித்து இறுகும் பிசின், சாதாரணமாக பாலியஸ்டர்) இரண்டையும் அடுக்கடுக்காகப் போட வேண்டும். ஒரு அடுக்கு ஏறத்தாழ 1 மி.மீ. தரும். ஒவ்வொரு அடுக்கிலும் காற்றுக் குமிழ் போகும் வரை ரோலர் ஓட்டுங்கள். காலை வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள்; நண்பகலில் ரெசின் டப்பாவிலேயே கட்டியாகிவிடும். அதற்குப் பயந்து ஹார்டனரை (ரெசினை இறுக வைக்கும் திரவம்) ஒரு சதவீதத்துக்குக் கீழே குறைக்காதீர்கள், சரியாக இறுகாது. இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் திரவத்தைத் தனியாகக் கொடுத்தால் முதலில் அதை ரெசினில் நன்றாகக் கலக்கி, பிறகுதான் ஹார்டனர். கோபால்ட்டையும் ஹார்டனரையும் நேராகச் சேர்த்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். இவ்வளவு ஆபத்தான சரக்கை லேபிள் இல்லாத கேனில், தயாரித்த தேதிகூட இல்லாமல் விற்கிறார்கள். யாரும் கேட்பதில்லை. நம் வெயிலில் ரெசின் சில மாதங்களில் கெட்டுவிடும். ஆகவே மூடிய டின்னில் தேதி பார்த்து, பில்லோடு வாங்குங்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கை மட்டும் மறக்கவே கூடாது. பழைய சொந்தக்காரர் எங்காவது எபாக்சியால் (இது வேறு வகை ரெசின்) ஒட்டுப் போட்டிருந்தால், அதன்மேல் சாதாரண பாலியஸ்டர் ரெசின் உறுதியாகப் பிடிக்காது. பாலியஸ்டர்மேல் எபாக்சி பிடிக்கும், எபாக்சிமேல் பாலியஸ்டர் பிடிக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டு எதில் போட்டது என்று தெரியாவிட்டால் முழுக்கத் தேய்த்து எடுங்கள். இல்லையென்றால் அந்த இடத்துக்கு மட்டும் எபாக்சியே போடுங்கள். செலவு கூடும், ஆனால் தண்ணீரில் உரியாது. எபாக்சி போட்ட இடத்தில் மேலே ஜெல்கோட் வேண்டாம், டூ-பேக் (இரண்டு டப்பா கலந்து அடிக்கும்) பாலியூரித்தேன் பெயின்ட் அடியுங்கள். "எபாக்சி, பாலியஸ்டர் ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்று கடையில் சொல்வார்கள். ஒன்றல்ல.

இதெல்லாம் தொடங்கும் முன், சுக்கான் மாட்டும் பின்பலகையை ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். பெரும்பாலும் அதற்குள் பிளைவுட் இருக்கும். 'டக்' என்று கெட்டியாகக் கேட்டால் சரி. 'பொத்' என்று கேட்டால் உள்ளே மரம் இற்றுப்போயிருக்கலாம். அதை அறுத்துத் திறந்து பார்க்கும் வரை ஒரு கிலோ ரெசின்கூட வாங்காதீர்கள்.