பதில்: திருகோணமலை – புல்மோட்டை மவுண்டன் பைக் பயணம், மணலில் ரயர் புதைகிறது

ஓகஸ்டில் புல்மோட்டை வரை போகவேண்டும், இடையில் காட்டுப் பாதைகளிலும் இறங்கவேண்டும், ஆனால் நிலாவெளி மணலிலேயே ரயர் புதைகிறது, முள்ளும் குத்துகிறது என்று எழுதியிருந்தீர்கள். புது ரயருக்குக் காசு செலவழிக்க வேண்டாம். காற்றைக் குறையுங்கள்.

தார் வீதிக்கு 35 பிஎஸ்ஐ (ரயர் காற்றழுத்த அளவு) சரி. மணலில் இறங்கும் முன் 20 அளவுக்கு விடுங்கள். பெருவிரலால் அழுத்தினால் ரயர் கொஞ்சம் உள்ளே போகவேண்டும். லேசான கியரில், உடல் பாரத்தைப் பின்னுக்குப் போட்டு, ஹாண்டிலை இறுக்காமல் ஒரே சீராக மிதியுங்கள். சட்டென்று திருப்பினால் முன்சில்லு மடங்கும். வீதியில் ஏறியதும் திரும்பக் காற்றடிக்கக் கைப்பம்ப் கட்டாயம்.

ரியூப்புக்குள் சீலன்ட் (சிறு ஓட்டைகளைத் தானே அடைக்கும் திரவம்) ஊற்றினால் நெருஞ்சி முள் பிரச்சினை பெரும்பாலும் தீரும். பெரிய முள்ளுக்கு மாற்று ரியூப்தான். மாட்டும் முன் ரயரின் உட்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள், முறிந்த நுனி அங்கேயே நிற்கும்.

குச்சவெளிப் பக்கம் வெள்ளையாகக் காய்ந்த களப்புத் தரையை நம்பாதீர்கள். மேலே பொருக்கு, கீழே சேறு.

அந்த மாதம் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று பெரும்பாலும் பக்கவாட்டில் அடித்துக் களைப்பாக்கும். ஆகவே விடியவே திரும்புங்கள். தண்ணீர் மணிக்கு ஒரு லீற்றர்.

இதை மட்டும் கட்டாயம் கேளுங்கள்: கண்ணிவெடிப் பலகையைக் கண்டால் அப்படியே வந்த தடத்தில் திரும்புங்கள், ஓரத்தில்கூடக் கால் வைக்க வேண்டாம். நாலு மணிக்குப் பிறகு காட்டுப் பாதையும் வேண்டாம், யானை வரும் நேரம். எந்த இடத்தில் வீதியை விட்டு இறங்கப் போகிறீர்கள் என்று எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.