பழைய லேப்டாப் சார்ஜரின் 19 வோல்ட்டை, ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபையருக்கு இரைச்சல் இல்லாத 12 வோல்ட்டாக மாற்றுவது எப்படி?

முதல் வேலையாக, சார்ஜரைத் திறக்கும் எண்ணத்தை விடுங்கள். 19 வோல்ட் வெளியே வந்த பிறகு குறைத்துக்கொள்ளலாம்.

நான் முதலில் உள்ளேதான் கை வைத்தேன். அவுட்புட்டைக் கண்காணிக்கும் டிஎல்431 என்ற சின்ன ஐசிக்குப் பக்கத்தில் இரண்டு ரெசிஸ்டர்கள் இருக்கும். அவற்றின் விகிதத்தை மாற்றினால் வோல்ட் இறங்கும். கணக்கு சரிதான். ஆனால் சார்ஜர் டிக், டிக் என்று விட்டுவிட்டு அடித்ததே தவிர ஓடவில்லை. மின்சாரத்தை வேகமாக ஆன், ஆஃப் செய்யும் ஸ்விட்ச்சிங்கை நடத்தும் ஐசிக்கு, அதே டிரான்ஸ்ஃபார்மரின் இன்னொரு கம்பிச் சுற்றிலிருந்துதான் மின்சாரம் போகிறது. அவுட்புட்டைக் குறைத்தால் அதுவும் சேர்ந்து குறையும். யூசி3842 மாதிரியான ஐசி 16 வோல்ட்டில் விழித்து, 10 வோல்ட்டுக்குக் கீழே படுத்துவிடும். மறுபடி விழிக்கும், மறுபடி படுக்கும். அதுதான் அந்த டிக் டிக். அதைவிட முக்கியம், 230 வோல்ட் மெயினில் உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் 325 வோல்ட் டிசி வரை ஏறி நிற்கும். பிளக்கைப் பிடுங்கினாலும் உடனே இறங்காது.

சரி, வெளியே ஒரு 7812, அதாவது நிலையான 12 வோல்ட் தரும் ரெகுலேட்டர் ஐசி, போட்டால் போதாதா? உங்கள் ஆம்ப்ளிஃபையர் அரை ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். மிச்சமுள்ள 7 வோல்ட் அந்த ஐசியில் 3.5 வாட் சூடாக மாறும். ஹீட்சிங்க் இல்லாமல் 1 வாட்டுக்கே சுமார் 65 டிகிரி ஏறும் சாமான் அது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அதுவே அணைந்துவிடும்.

அதனால் இரண்டு படியாக இறக்குங்கள். எல்எம்2596 பக் மாட்யூலை (ஸ்விட்ச்சிங் முறையில், அதிகம் சூடாகாமல் வோல்ட்டைக் குறைக்கும் சின்ன போர்டு) வைத்து 19-ஐ 14.5 ஆக்குங்கள், அப்புறம் 7812. இப்போது சூடு 1.25 வாட்தான், சின்ன ஹீட்சிங்க் தாங்கும். 14-க்குக் கீழே போகவேண்டாம். 7812-க்குள் போகும் வோல்ட், வெளியே வரும் 12-ஐவிட 2 வோல்ட்டாவது கூடுதலாக இருக்கவேண்டும்.

பலரும் கோட்டைவிடுவது இந்த இரண்டுக்கும் நடுவில். பக் மாட்யூல் 150 கிலோஹெர்ட்ஸில் ஸ்விட்ச் ஆகிறது, அதே வேகத்தில் அவுட்புட் வோல்ட்டில் ஒரு சின்ன ஏற்ற இறக்கம், அதாவது சிற்றலை, வரும். 7812 தாழ்ந்த அதிர்வெண் ஹம்மை (‘ம்ம்’ என்ற இரைச்சலை) நன்றாக அமுக்கும். இந்த வேகத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடியாது, சிற்றலையில் பெரும்பகுதியை அப்படியே விட்டுவிடும். நடுவில் 47 மைக்ரோஹென்றி காயில் ஒன்றைத் தொடராகப் போட்டு, அதன் பிறகு 470 மைக்ரோஃபாரட், லோ ஈஎஸ்ஆர் (உள் மின்தடை குறைந்த) கெபாசிட்டரைக் கிரவுண்டுக்கு இணையுங்கள். கெபாசிட்டரின் ஈஎஸ்ஆர் 0.1 ஓம் என்றாலும் சிற்றலை சுமார் 400 மடங்கு குறையும். பழைய போர்டிலிருந்து கழற்றிய கெபாசிட்டரை இந்த இடத்தில் மட்டும் போடாதீர்கள். தலை உப்பாமலே ஈஎஸ்ஆர் ஏறியிருக்கலாம். 7812-இன் கால்களை ஒட்டியே, இன்புட் பக்கம் 0.33, அவுட்புட் பக்கம் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர்களைக் கிரவுண்டுக்கு வையுங்கள்.

இதையெல்லாம் வாங்குவதற்கு முன், ஆம்ப்ளிஃபையரை ஒரு 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டிக் கேளுங்கள். பேட்டரியிலும் இரைச்சல் வந்தால் சப்ளை மேல் குற்றமில்லை. சார்ஜரில் ஓட்டும்போது, அதுவும் கம்ப்யூட்டரோடு ஆடியோ ஒயரைச் சேர்த்ததும் மட்டும் ஹம் வந்தால், அது பெரும்பாலும் சார்ஜருக்குள் மெயின் பக்கத்தையும் அவுட்புட் பக்கத்தையும் இணைக்கும் ஒய் கெபாசிட்டர் வழியே கசியும் மின்சாரம். அதற்கு மேலே சொன்ன ஃபில்டர் உதவாது. ஆடியோ ஒயரில் ஒரு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரை (இரு பக்கத்துக்கும் நேரடி மின் இணைப்பு இல்லாமல் ஒலியை மட்டும் கடத்துவது) போட்டுப் பாருங்கள்.