ஆயில் அளவு ஏறுவது ஏன்? டீசல் வண்டி கேள்வி - பதில்

கேள்வி: தினமும் ஏழெட்டு கிலோமீட்டர்தான் கார் ஓட்டுகிறேன். டிபிஎஃப் (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி) விளக்கு அடிக்கடி எரிகிறது. ஆயில் கம்பியை எடுத்துப் பார்த்தால் அளவு கூடியிருக்கிறது. ஆயில் குறையும், கூடவும் செய்யுமா?

பதில்: கூடியிருப்பது ஆயில் அல்ல, டீசல். டிபிஎஃப் வடிகட்டியில் கரி சேர்ந்ததும் கம்ப்யூட்டர் அதை எரிக்கப் பார்க்கும். அதற்கு ஏறக்குறைய 600 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். அந்தச் சூட்டுக்காகப் பல இன்ஜின்களில் சிலிண்டரில் டீசல் எரிந்து முடியும் நேரத்தில் உள்ளே இன்னும் கொஞ்சம் டீசல் பீச்சப்படுகிறது. அதில் ஒரு பங்கு சுவரில் படிந்து, பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயிலில் இறங்கிவிடும். கரி எரிந்து முடியுமுன் வண்டியை அணைத்தால் அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து. குறுகிய தூரம் ஓடும் வண்டிக்கு இதுதான் வினை. நீர்த்த ஆயில், இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் பேரிங்கைக் காவு வாங்கிவிடும்.

உடனே ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றுங்கள். கையேடு சொல்லும் சாம்பல் குறைந்த ரகம்தான் ஊற்ற வேண்டும். ஆயிலின் சாம்பல் எந்தச் சூட்டிலும் எரியாது; வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்தால்தான் போகும். பிறகு வாரம் ஒருமுறை அரை மணி நேரம், தடையில்லாத சாலையில், ஒரு கியர் குறைத்து, 2000 ஆர்பிஎம்முக்கு மேல் ஓட்டுங்கள். ஐடிலிங் வேகம் சற்று ஏறி, ரேடியேட்டர் விசிறி ஓடிக்கொண்டிருந்தால் கரி எரிகிறது என்று பொருள். அப்போது சாவியைத் திருப்பி வண்டியை அணைக்காதீர்கள். டேங்கில் டீசல் அடிமட்டத்தில் இருந்தால் பல வண்டிகளில் கரி எரிப்பே தொடங்காது.

அப்படியும் விளக்கு அணையவில்லையா? வடிகட்டியை மாற்றச் சொன்னால் சட்டென்று தலையாட்டாதீர்கள். அழுத்தம் அளக்கும் சென்சாரின் ரப்பர் குழாயில் வெடிப்பு, ஒழுகும் இன்ஜெக்டர், டர்போ குழாயில் காற்றுக் கசிவு, திறந்தே நிற்கும் தெர்மோஸ்டாட் ஆகியவற்றை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். தெர்மோஸ்டாட் கெட்டால் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வராது, கரி எரிப்பும் நடக்காது. காரணத்தை விட்டுவிட்டால் புது வடிகட்டியும் அடைத்துக்கொள்ளும்.

கேள்வி: புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் இஜிஆர் வால்வைத் தகடு வைத்து அடைத்துவிட்டால் தொல்லை தீரும் என்கிறார்களே?

பதில்: தீராது. உள்ளே போகும் காற்றின் அளவு கணக்கோடு ஒத்துப்போகாமல் எச்சரிக்கை விளக்கு எரியும்; பல வண்டிகளில் டிபிஎஃப் எரிப்பும் நின்றுபோகும். பல நாடுகளில் சட்டப்படி குற்றமும்கூட. புகைக் கரியும் இன்ஜினின் ஆயில் ஆவியும் கலந்து தார்போல் ஒட்டுவதால்தான் வால்வு சிக்குகிறது. கழற்றி, க்ளீனர் தெளித்து, பிளாஸ்டிக் கத்தியால் சுரண்டி, புது கேஸ்கெட் போட்டு மாட்டினால் போதும். மோட்டார் உள்ள பக்கம் க்ளீனர் படக்கூடாது. மாட்டியபின் ஸ்கேனரில் வால்வின் நிலையைப் பதிய வைப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வெளியே ஒழுகாமலே கூலன்ட் குறைந்தால் அந்தப் புகையைக் குளிர்விக்கும் இஜிஆர் கூலரைச் சந்தேகப்படுங்கள்.

கேள்வி: புகையைச் சுத்தம் செய்யத் தனி டேங்கில் ஊற்றும் யூரியா திரவத்தைத் தவறிப்போய் டீசல் டேங்கில் ஊற்றிவிட்டேன். ஸ்டார்ட் செய்யலாமா?

பதில்: சாவியையே போடாதீர்கள். போட்டாலே பம்ப் ஓடித் திரவத்தை லைனுக்குள் தள்ளிவிடும். பிறகு பம்ப், இன்ஜெக்டர் எல்லாம் போகும். வண்டியைக் கட்டி இழுத்துப்போய் டேங்கைக் காலி செய்து கழுவுங்கள்.