வாசகர் கேள்வி பதில்: வளவில் விழுவது பிஞ்சா, பூவா?

கேள்வி: ஐயா, நாங்கள் அண்மையில் குடிவந்த வீட்டின் பின்வளவுக்குள் பக்கத்து வீட்டு மரத்தின் கிளைகள் மதிலைத் தாண்டி நீண்டிருக்கின்றன. பெருவிரலைவிட மொத்தமாகவும் ஏறத்தாழ ஒரு சாண் நீளமாகவும் உள்ள மெத்தென்ற மஞ்சள் உருளைகள் நாள்தோறும் விழுகின்றன. கூடவே முனை கூரிய, வளைந்த மஞ்சள் உறைகளும் கிடக்கின்றன. உருளைகள் மழையில் நனைந்ததும் கறுத்து அழுகிவிடுகின்றன. மரத்துக்கு நோய் கண்டு பிஞ்சுகள் உதிர்கின்றனவா? கூரைப் பீலியும் அடிக்கடி அடைத்துக்கொள்கிறது.
— வாசகி, தெகிவளை

பதில்: நோயும் இல்லை, உதிர்பவை பிஞ்சுகளும் அல்ல. நீங்கள் எழுதியிருக்கும் அளவையும் மென்மையையும் பார்த்தால் அது ஈரப்பலா மரம். விழும் உருளைகள் அதன் ஆண் பூக்கதிர்கள்; மஞ்சள் உறைகள், இளந்தளிர் விரியும்வரை அதைப் போர்த்திக் காத்திருந்து, வேலை முடிந்ததும் கழன்று விழுபவை. உறுதிப்படுத்த விரும்பினால், அன்று காலை விழுந்த உருளை ஒன்றை எடுத்துக் கத்தியால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நடுவில் மெதுவான தண்டும், அதைச் சுற்றி இடைவெளியின்றி நெருங்கிய நுண்ணிய பூக்களும் தெரியும். ஒவ்வொரு பூவிலும் இருப்பது ஒரேயொரு மகரந்தக் கேசரம்தான். பிஞ்சாக இருந்தால் உட்பகுதி கட்டியாக இருக்கும், வெட்டிய இடத்தில் வெண்பால் தாராளமாகக் கசியும். அருகில் கிடக்கும் இலையையும் பாருங்கள்: ஈரப்பலா இலை பெரியது, விரல் விரித்தாற்போல ஆழமாகப் பிளவுபட்டது, வளர்ந்த பலா மரத்தின் இலையோ சிறியது, பிளவற்றது.

ஆண் கதிர்கள் இத்தனை விழுந்தால் காய்ப்புக் குறையுமோ என்று அண்டை வீட்டார் கவலைப்படத் தேவையில்லை. நமது வளவுகளில் வளரும் விதையற்ற ஈரப்பலா, மகரந்தம் சேராமலே காய் கட்டும் இயல்புடையது.

இதுவே பலாவாக இருந்தால் உருளைகள் இன்னும் சிறியனவாக இருக்கும். உதிர்ந்த பலாக் கதிர்களில் கரும்பூஞ்சணம் படர்வதைக் கண்டு, பிஞ்சுகளே கறுத்து விழுவதாகப் பலர் பதறிப்போகிறார்கள். ஆண் கதிர்கள் கறுப்பது வழமையானது. ஆனால் அடிமரத்திலும் பெருங்கிளைகளிலும் தடித்த காம்போடு இருக்கும் பிஞ்சுகளிலும் அந்தக் கறுப்பு ஏறினால், விழுந்தவற்றையும் மரத்தில் அழுகித் தொங்குபவற்றையும் அகற்றி, கிளைகளைச் சற்று விலக்கி வெளிச்சமும் காற்றும் படச் செய்ய வேண்டும்.

மரத்தைவிடப் பீலியைப் பற்றித்தான் எனக்குக் கவலை. கதிர்களும் உறைகளும் இலைகளும் சேர்ந்து நீரோட்டத்தை மறித்தால், தேங்கும் நீரில் டெங்கு நுளம்பு முட்டையிடும். முட்டை நுளம்பாக மாற ஏழு முதல் பத்து நாட்கள் வரை போதும் என்பதால், மழைக்காலத்தில் வாரம் ஒருமுறையாவது பீலியைத் துப்புரவாக்குங்கள். சுகாதாரப் பரிசோதகர் வந்து சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம். கூட்டி அள்ளியவற்றைக் கூட்டெருக் குழியில் போடலாம், விரைவில் மட்கிவிடும்.

கேள்வி: எங்கள் வளவில் நிற்பது மாமரம் ஒன்றுதான். ஆனால் காலையில் அதன் கீழே கொட்டாங்காய்க் கொட்டைகளும், பிழிந்து துப்பியது போன்ற தட்டையான நார்ச்சக்கைகளும் கிடக்கின்றன. இவை எங்கிருந்து வருகின்றன?
— வாசகர், வெள்ளவத்தை

பதில்: மேலேயிருந்துதான் வருகின்றன, ஆனால் மரத்திலிருந்து அல்ல. பழந்தின்னி வௌவால்களில் சில, பழத்தைக் காய்த்த மரத்திலேயே உண்ணாமல், வாயில் கவ்விக்கொண்டு வேறொரு மரத்துக்குப் பறந்துபோய், அங்கே தொங்கியபடி தின்னும். சாற்றை உறிஞ்சிய பின் நாரை அண்ணத்தில் அழுத்திப் பிழிந்து துப்புவதால்தான் சக்கை அப்படித் தட்டையாக இருக்கிறது. கொட்டையில் பற்கள் சுரண்டிய தடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஆகவே கொட்டாங்காய் மரத்தை உங்கள் வளவில் தேடிப் பயனில்லை; அது நாலு வீடு தள்ளியும் இருக்கலாம், ஒழுங்கையின் மறுகோடியிலும் இருக்கலாம். தரையில் மட்டும் பார்த்து மரத்தைத் தீர்மானிப்பவர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் இது. சக்கையைத் தும்புத்தடியால் கூட்டி அகற்றி, கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். வௌவால் கடித்த மாம்பழத்தை, கடிபட்ட பக்கத்தை வெட்டிவிட்டுக்கூட, பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: கப்பல் பலகை போன்ற தடித்த மரத்துண்டுகளும், சுழன்று இறங்கும் மண்ணிறச் சிறகுகளும் முற்றத்தில் விழுகின்றன. இது என்ன மரம்?
— வாசகர், நுகேகொடை

பதில்: மகோகனி. அதன் காய் முற்றி வெடிக்கும்போது தடித்த ஓடு ஐந்து பிளவுகளாகக் கழன்று விழும். சிறகுகள் அதன் விதைகள். துண்டுகள் கனமானவை, ஆதலால் காய் வெடிக்கும் காலத்தில் வாகனத்தை அந்த மரத்தின் கீழ் நிறுத்தாதீர்கள்.