ஒரு பைண்டின் விலையும் மூடப்படும் பப்களும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இங்கிலாந்தின் பப்கள் மூடப்படுவதைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த சிறு குறிப்பை வாசித்தேன். லண்டன் ஹாரோவில் என் மைத்துனரின் ஆஃப் லைசென்ஸ் கடையில், அதாவது வீட்டுக்கு வாங்கிப்போய்க் குடிக்கும் மதுவை விற்கும் கடையில், மாலை வேளைகளில் நிற்பவன் நான். எங்கள் தெருமுனையில் இருந்த பழைய பப் சென்ற ஆண்டு மூடப்பட்டது. ஒரு பைண்ட், அதாவது அரை லிட்டருக்குச் சற்று மேல், பியர் ஐந்து பவுண்டைத் தாண்டி, லண்டனில் ஆறு ஏழு என்று போய்விட்ட பிறகு யார்தான் அங்கே போவார்கள்? ஏறத்தாழ அதே காசுக்கு எங்கள் கடையில் நான்கு கேன் லாகர் பியர் கிடைக்கிறது. அரசு வரியைக் குறைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று கடைக்கு வரும் வெள்ளைக்கார முதியவர்கள் சொல்கிறார்கள். எனக்கோ, குடிக்கும் இடங்கள் குறைவது நல்லதுதானே, இதில் நீங்கள் வருந்த என்ன இருக்கிறது என்று தோன்றுகிறது. இன்னொன்று: மூடிக்கிடக்கும் அந்தப் பப்பைக் குத்தகைக்கு எடுத்து நடத்தலாமா என்று மைத்துனர் யோசிக்கிறார். உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

வரியைப் பற்றி முதியவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. 2025இன் விகிதப்படி, நான்கு விழுக்காடு ஆல்கஹால் கொண்ட பியரை ஒரு பப் ஐந்து பவுண்டுக்கு விற்றால் அதில் ஏறத்தாழ 83 பென்ஸ் மதிப்புக் கூட்டு வரியாகவும், சுமார் 43 பென்ஸ் மதுத் தீர்வையாகவும் அரசுக்குப் போகின்றன. அதாவது விலையில் கால் பங்கு. 2008 முதல் 2013 வரை பியர்த் தீர்வை ஒவ்வோர் ஆண்டும் பணவீக்கத்துக்கு மேல் இரண்டு விழுக்காடு கூடும்படி விதி இருந்தது. அந்த ஆண்டுகள் பப்களுக்குப் பெரும் அடி. ஆனால் 2013இல் அந்த விதி நீக்கப்பட்டு, அதன்பின் தீர்வை பலமுறை குறைக்கப்பட்டும் கூட்டப்படாமலும் இருந்த காலத்திலும் பப்கள் மூடப்பட்டுக்கொண்டேதான் இருந்தன. 2000ஆம் ஆண்டில் சுமார் 60,000 ஆக இருந்த எண்ணிக்கை இன்று 45,000 அளவில் நிற்கிறது. 2025 பிப்ரவரியில் பப்பில் ஊற்றித் தரும் பியருக்கு மட்டும் பைண்டுக்கு ஒரு பென்னி குறைத்தார்கள். இரண்டே மாதத்தில், ஏப்ரலில், குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.21 பவுண்டாக உயர்ந்தது, முதலாளி கட்ட வேண்டிய தேசியக் காப்பீட்டுப் பங்கு 13.8இலிருந்து 15 விழுக்காடானது, வணிகக் கட்டட வரியில் கிடைத்துவந்த 75 விழுக்காட்டுச் சலுகை 40ஆகச் சுருங்கியது. அந்த ஒரு பென்னி எங்கே போயிற்று என்று தேட வேண்டியதில்லை.

உங்கள் கடையின் நான்கு கேனோடு பப்பின் ஒரு பைண்டை ஒப்பிடுகிறீர்கள். பொருளை வைத்துப் பார்த்தால் இரண்டும் பியர்தான். செலவை வைத்துப் பார்த்தால் வேறு வேறு வணிகங்கள். கேன் மாதக்கணக்கில் அலமாரியில் கெடாமல் இருக்கும். பப்பின் பழைய முறைப்படி மரபான ஏல் வகைப் பியரை விற்பவர் நிலை அப்படியன்று. பீப்பாய்க்குள் இன்னும் நொதித்துக்கொண்டிருக்கும் அந்தப் பியர் நிலவறையில் 12 பாகை செல்சியஸ் அளவிலான குளிரில் படுக்க வைக்கப்பட்டு, வண்டல் அடியில் தங்கும்வரை அசைக்கப்படாமல் இருந்து, பிறகுதான் கைப்பம்பின் வழியாக மேலே வருகிறது. பப்களில் பரவலாகப் புழங்கும் சிறிய பீப்பாயில் 72 பைண்ட் இருக்கும். அதைத் திறந்து காற்றுப் பட்டுவிட்டால் மூன்று நாள், மிஞ்சினால் இன்னும் ஓரிரு நாள். அதன்பின் புளிக்கத் தொடங்கிவிடும். செவ்வாய்க்கிழமை திறந்த பீப்பாயில் வெள்ளிக்குள் 40 பைண்ட்தான் போயிற்று என்றால் எஞ்சியதை வடிகாலில் ஊற்ற வேண்டியதுதான். ஊற்றியதற்கும் சேர்த்து விற்ற 40 பைண்டில்தான் விலை வைக்க வேண்டும். விலை கூடியதும் இன்னும் இரண்டு பேர் வராமல் போகிறார்கள்; அடுத்த பீப்பாயில் 35தான் போகிறது. வாடகை, மின்சாரம், சம்பளம் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். ஆகவே விலை உயர்ந்ததால் ஆட்கள் குறைந்தார்கள் என்பது எவ்வளவு சரியோ, ஆட்கள் குறைந்ததால் விலை உயர்ந்தது என்பதும் அவ்வளவு சரி.

ஆனால் இந்தச் சுழல் எல்லாப் பப்களையும் ஒரேபோல் இழுக்கவில்லை. யாருக்குச் சொந்தமான பப் என்பதைக் கேட்டால்தான் மீதிக் கதை தெரியும், என் குறிப்பில் நான் வருந்தியதும் அதைப் பற்றித்தான். 1989இல் பிரித்தானிய அரசு, ஆறு பெரிய மதுவடிப்பு நிறுவனங்கள் பப்களைக் கையில் வைத்துக்கொண்டு தம் பியரை மட்டுமே விற்கச் செய்வது போட்டியைக் கெடுக்கிறது என்று கருதி ஓர் ஆணை பிறப்பித்தது. 2,000 பப்களுக்கு மேல் வைத்திருக்கும் மதுவடிப்பு நிறுவனம், கூடுதலாக உள்ளவற்றில் பாதியை அந்தக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்க வேண்டும். நோக்கம் நல்லதுதான். நிறுவனங்கள் பப்களைக் கூட்டம் கூட்டமாக விற்றன. அவற்றை வாங்கியவர்கள், சொந்தமாக ஒரு சொட்டுப் பியர்கூட வடிக்காததால் அந்த ஆணைக்குள் வராத புதிய நிறுவனங்கள். பஞ்ச், என்டர்பிரைஸ் என்ற இரண்டு மட்டும் உச்சத்தில் 15,000க்கும் மேற்பட்ட பப்களை வைத்திருந்தன. எதிர்கால வாடகையை ஈடாகக் காட்டிக் கடன் வாங்கி, அந்தக் கடனில் மேலும் பப்களை வாங்கி வளர்ந்தவை அவை. 2008இல் நிதிச் சந்தை சரிந்தபோது கடன் மட்டும் சரியவில்லை.

அந்தக் கடனின் வட்டியைக் கட்டியவர் கவுண்டருக்குப் பின்னால் நின்ற குத்தகைக்காரர். கட்டிடத்துக்கு அவர் தருவதை உலர் வாடகை என்றும், சந்தையில் கிடைப்பதைவிடக் கூடுதல் விலைக்கு உரிமையாளரிடமே பியர் வாங்க வேண்டியிருப்பதால் கைவிட்டுப் போவதை ஈர வாடகை என்றும் அந்தத் தொழிலில் சொல்வார்கள். பெயர் வைப்பதில் வெள்ளைக்காரருக்கு நகைச்சுவை உண்டு. நன்றாக உழைத்து விற்பனையைக் கூட்டினால் அடுத்த மதிப்பீட்டில் உலர் வாடகை கூடும். விற்பனை கூடக் கூட ஈர வாடகையும் கூடும். பல ஆண்டு முறையீடுகளுக்குப் பிறகு, 2016இல்தான், 500 அல்லது அதற்கு மேற்பட்ட பப்களை இப்படிக் குத்தகைக்கு விட்டிருக்கும் நிறுவனங்களுக்கென ஒரு நடத்தை விதித்தொகுப்பும் அதைக் கண்காணிக்க ஒரு நடுவரும் வந்தார்கள்.

குத்தகைக்காரர் ஓடிப்போனால் நிறுவனத்துக்கு நட்டமில்லை என்பதுதான் இதில் மோசமான பகுதி. நகரத்தில் பப்பாக ஓடும் கட்டிடத்தைவிட அடுக்குமாடி வீடுகளாக மாறும் மனைக்கு விலை அதிகம். இங்கிலாந்தில் 2017வரை, சிறப்புப் பாதுகாப்பு ஏதும் இல்லாத பப்பைத் திட்ட அனுமதி கேட்காமலே இடித்துவிட முடிந்தது. அதுவரை பல்பொருள் அங்காடியாகவும் மாற்ற முடிந்தது. லண்டன் கில்பர்னுக்கு அருகே கார்ல்டன் டாவர்ன் என்ற பப், மரபுரிமைக் கட்டிடமாக அறிவிக்கப்பட இருந்த வேளையில், 2015 ஏப்ரலில் அனுமதியின்றி இடித்துத் தள்ளப்பட்டது. அப்பகுதி மக்கள் விடவில்லை. வெஸ்ட்மின்ஸ்டர் மாநகராட்சி, இருந்தபடியே செங்கல் செங்கலாகக் கட்டித் தர வேண்டும் என்று உத்தரவிட்டது. 2021இல் அது மீண்டும் திறந்தது. ஸ்டாஃபர்ட்ஷயரில், சுரங்கம் தோண்டியதால் நிலம் அமிழ்ந்து ஒருபக்கம் சாய்ந்தே நின்று புகழ்பெற்ற கிரூக்கட் ஹவுஸ் என்ற பப், 2023 ஆகஸ்டில், விற்கப்பட்ட சில நாட்களிலேயே தீப்பிடித்து, இரண்டு நாளில் இடிக்கப்பட்டது. இவ்விரண்டும் செய்தியில் அடிபட்டதால் நமக்குத் தெரிகின்றன. பெயர் தெரியாமல் வீடுகளாகிப் போனவைதான் மிகுதி.

குடிக்கும் இடங்கள் குறைவது நல்லதுதானே என்கிறீர்கள். புகைக்குத் தடை வந்தது, இளைஞர் முன்போல் குடிப்பதில்லை; இவையும் பப்பைப் பாதித்தன, இவற்றுக்காக நான் வருந்தவில்லை. ஆனால் பப் மூடியதால் குடி நிற்பதில்லை, அதில் ஒரு பங்கு உங்கள் கடையின் கேனாக வீட்டுக்குப் போகிறது என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பப்பில் போதை மிஞ்சியவருக்கு ஊற்றிக் கொடுப்பது சட்டப்படி குற்றம். வரவேற்பறையில் போதும் என்று சொல்ல யாருமில்லை. அதற்காகப் பழைய பப்பைப் புனிதப்படுத்தவும் நான் தயாரில்லை. 1960களில் பர்மிங்காமுக்கு அருகிலுள்ள ஸ்மெத்விக் வட்டாரத்து வார்ப்பாலைகளில் வேலை செய்த பஞ்சாபியருக்குப் பல பப்களில் உள்ளறையில் இடமில்லை; 1965இல்தான் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் முதல் சட்டம் பப்களுக்கும் பொருந்தும்படி வந்தது. வெளியே நிறுத்தப்பட்ட அதே சமூகத்தார் பிறகு அங்கே நலிந்த பப்களை வாங்கி, கரியடுப்பு இறைச்சியும் பியரும் சேர்த்து விற்றுக் குடும்பங்களை வரவழைத்தார்கள். மேற்கு மிட்லண்ட்ஸில் தேசி பப் என்று அழைக்கப்படும் அவை, சுற்றியிருந்த பல வெள்ளையர் பப்கள் மூடிய பிறகும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஆகவே உங்கள் மைத்துனரின் யோசனை கிறுக்குத்தனமானது அல்ல, ஆனால் ஆஃப் லைசென்ஸ் கணக்கை அங்கே கொண்டுபோகக் கூடாது. முதலில் அந்தப் பப் உரிமையாளரிடமே பியர் வாங்க வேண்டிய கட்டுப்பாட்டுக் குத்தகையா, வெளியில் விரும்பிய இடத்தில் பியர் வாங்கும் உரிமை உள்ளதா என்று கேட்கச் சொல்லுங்கள். கட்டுப்பாடு என்றால், நிறுவனம் தரும் பீப்பாய் விலைப்பட்டியலை வாங்கி, நீங்கள் கடைக்குச் சரக்கெடுக்கும் மொத்த வணிகர் அதே பீப்பாய்க்குச் சொல்லும் விலையோடு வரிக்கு வரி ஒப்பிடட்டும். ஈர வாடகை எவ்வளவு என்பது அப்போது தெரிந்துவிடும். கூரை முதல் நிலவறைவரை பழுதுபார்ப்பது குத்தகைக்காரர் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் இருக்கக்கூடும்; கையெழுத்துக்கு முன் கட்டிடப் பொறியாளர் ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும். பெரிய நிறுவனத்தின் பப் என்றால், விதித்தொகுப்பின்படி தனிப்பட்ட ஆலோசனை பெற்று வணிகத் திட்டம் தயாரித்த பிறகே ஒப்பந்தம் போட வேண்டும். இதைச் சடங்காகக் கருதி நிறுவனம் காட்டும் கணக்காளரிடமே போய்விட வேண்டாம். சமையலறை எவ்வளவு பெரிதென்றும் அளந்து பார்க்கட்டும். பியரை மட்டும் நம்பி அந்தத் தெருமுனையில் கடை ஓடாது.

அன்புடன்.