நாஷ்வில்லில் ஒரு மாலை

கேள்வி: மகளைப் பார்க்க அமெரிக்கா போகிறோம். நாஷ்வில்லில் ஒரே ஒரு மாலைதான் தங்குகிறோம். எங்கே சாப்பிடலாம், எங்கே பாட்டுக் கேட்கலாம்? நான் சைவம், கணவர் அசைவம்.
- வாசகி, திருச்சி

பதில்: முதலில் சாப்பாடு, அம்மா. உங்கள் கணவருக்கு ஹாட் சிக்கன். பிரின்ஸ் குடும்பத்தார் வழியாகப் பரவிய இந்த ஊர்ப் பண்டம் அது. பொரித்த கோழியின் மேல் மிளகாய்த்தூள் குழைத்த எண்ணெயைப் பூசி, வெள்ளை ரொட்டியில் வைத்து, ஊறிய வெள்ளரித் துண்டுகளோடு தருவார்கள். ஆந்திரக் காரம் பழகியவரானாலும் மீடியத்துக்கு மேல் கேட்க வேண்டாம். ஒரு இறைச்சியும் மூன்று துணைப் பதார்த்தங்களும் தரும் 'மீட் அண்ட் த்ரீ' கடைகளில் உங்களுக்குக் காய்கறி மட்டும் தட்டாகக் கிடைக்கும். ஆனால் கீரையையும் பீன்ஸையும் பன்றி இறைச்சி சேர்த்தே வேகவைப்பது அங்கே வழக்கம். கட்டாயம் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

பிறகு பிராட்வே தெரு. நேரடியாகப் பாட்டு நடக்கும் 'ஹாங்கி டாங்க்' பார்கள் அங்கே உண்டு; அவற்றில் பலவற்றில் நுழைவுக் கட்டணம் இல்லை. என் மனம் எப்போதும் ராபர்ட்ஸ் வெஸ்டர்ன் வேர்ல்டுக்கே போகும். அமெரிக்க கிராமிய மரபில் வந்த பழைய கன்ட்ரி இசையை அங்கே கலப்படமில்லாமல் வாசிக்கிறார்கள். கலைஞர்கள் பெரிதும் டிப்ஸை நம்பியே வாழ்கிறவர்கள். வாளி உங்கள் பக்கம் வந்தால் தாராளமாகப் போடுங்கள். மணிக்கணக்காக நின்று வாசிப்பவர்களுக்குக் கைதட்டல் மட்டும் போதாது!

பக்கத்திலேயே 1892-இல் கட்டிய ரைமன் அரங்கம். கிராண்ட் ஓல் ஆப்ரி என்ற புகழ்பெற்ற கன்ட்ரி இசை வானொலி நிகழ்ச்சி 1943 முதல் 1974 வரை நடந்தது அங்கேதான். டிக்கெட் கிடைத்தால் பார்களை விட்டுவிட்டு அங்கே போங்கள். இரவில் பார்களுக்குள் 21 வயது நிரம்பியவர்களையே விடுவார்கள். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.