மரத்தடியில் சரளி வரிசை

அன்புள்ள ஐயா,

தேவகோட்டைப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் பாட்டு டீச்சராக இருக்கிறேன். மூன்றாம் வகுப்பில் 38 பிள்ளைகள். என் பீரியட் மதியம் 2 மணிக்கு, தலைக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். மாசி இன்னும் முடியவில்லை, அதற்குள் பிள்ளைகளின் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்கிறது. வெயில் காலம் வந்தால் பாட்டு வகுப்பை வெளியே கொண்டுபோங்கள், பிள்ளைகளுக்கு உற்சாகம் வரும் என்று வெளிநாட்டு ஆசிரியர்கள் காணொளிகளில் சொல்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டுப் போன வாரம் வேப்பமரத்தடியில் ஜமுக்காளம் விரித்து, கர்நாடக இசையின் ஆரம்பப் பாடமான சரளி வரிசை எடுத்தேன். பத்து நிமிஷத்தில் என் தொண்டை கட்டிவிட்டது. பின்வரிசைப் பிள்ளைகள் எறும்பு பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இதையும் விளையாட்டு பீரியட் ஆக்கிட்டீங்களே" என்றார் தலைமையாசிரியர். வெளியே போவதையே விட்டுவிடலாமா, இல்லை மைக் செட் ஒன்று வாங்கிக்கொள்ளலாமா? சிறுவயதில் செட்டிநாட்டு வீட்டு முற்றமான வளவில் பாட்டுக் கேட்டதைப் பற்றி நீங்கள் எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன். பெயர் போட வேண்டாம்.

ஓர் இசை ஆசிரியை

*

அன்புள்ள டீச்சர்,

அந்தக் காணொளிக்காரர்களை மன்னித்துவிடுங்கள். மாதக்கணக்கில் குளிருக்கு அடைந்து கிடந்துவிட்டு, 20 டிகிரி வந்ததும் வெயில் வந்துவிட்டது என்று வெளியே ஓடிவருகிறவர்கள் அவர்கள். நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு 10 டிகிரி வடக்கில். சித்திரை பிறந்த இரண்டு மூன்று நாளில் உச்சிவேளைச் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்து, நம் நிழல் நம் காலுக்கடியில் ஒளிந்துகொள்ளும் ஊர் இது. போதாக்குறைக்கு, வேம்பு இலை உதிர்க்கிற மாசியில் போய் வேம்படியைப் பிடித்திருக்கிறீர்கள்! புளிய மரம் இருந்தால் அங்கே போங்கள். பேய் இருக்கிறது என்று பிள்ளைகள் சொல்வார்கள். சொல்லட்டும், அந்தப் பயத்தில் ஐந்து நிமிஷம் பேசாமல் உட்காருவார்கள்.

மரத்தை மாற்றினாலும் சரளி வரிசை அங்கே எடுபடாது. அது உங்கள் குறையோ பிள்ளைகளின் குறையோ இல்லை. அறையில் நீங்கள் பாடும் ஸ்வரம் சுவரில் பட்டு, கூரையில் பட்டுத் திரும்பவும் பிள்ளையின் காதுக்கு வருகிறது. வெட்டவெளியில் போனது போனதுதான். தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் 6 டெசிபல் குறையும். முன்வரிசை ஒன்றரை மீட்டரில், பின்வரிசை ஆறு மீட்டரில் என்றால் 12 டெசிபல் போச்சு. அதை ஈடுகட்டத்தான் நீங்கள் கத்தியிருப்பீர்கள், உங்களைப் பார்த்துப் பிள்ளைகளும் கத்தியிருப்பார்கள்.

சரளி வரிசை மாயாமாளவகௌளை ராகத்தில் இருப்பது இன்னொரு சிக்கல். அதில் ச-வை ஒட்டியே ரி, ப-வை ஒட்டியே த. அந்தச் சின்ன இடைவெளி சுருதிப் பெட்டியின் ரீங்காரம் காதுக்குள் இருந்தால்தான் பிள்ளைக்குப் பிடிபடும். காற்றில் சுருதி கரைந்துவிட்டால் ரி நழுவி மேலே போய்விடும். போகவில்லை என்று நீங்கள் சத்தியம் செய்தாலும் நான் நம்ப மாட்டேன்.

என் கதையும் ஒன்று உண்டு. பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு பள்ளியில் ஆண்டு விழா ஒத்திகைக்கு மிருதங்கம் வாசிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். பங்குனி மாதம், மதியம் மூன்று மணி, மைதானத்தில் பந்தல்கூட இல்லை. மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் ஒட்டிய ரவை பாதிப் பாட்டில் காய்ந்து உதிர ஆரம்பித்தது. வலப்பக்கத்து வலந்தலைத் தோல் வெயிலில் விறைத்துச் சுருதி ஏறிப்போனது. பக்கத்தில் வயலின் கம்பி சூட்டில் தளர்ந்து இறங்கிவிட்டது. நடுவில் நின்ற பிள்ளைகள் இரண்டு பேரையும் நம்பாமல் தங்கள் பாட்டுக்குப் பாடி முடித்தார்கள். அன்றைக்குச் சுருதி சேர்ந்திருந்தவர்கள் அவர்கள் மட்டும்தான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

வெளியே பாடுவதற்கென்று நம் ஜனங்கள் கண்டுபிடித்து வைத்திருப்பதைப் பாருங்கள். முளைப்பாரிக்குக் கும்மி கொட்டுகிறவர்கள் ஏன் வட்டமாக நிற்கிறார்கள்? வட்டத்தில் பின்வரிசையே கிடையாது. எல்லார் முகமும் உள்நோக்கி இருப்பதால், சுவர் செய்ய வேண்டிய வேலையை எதிரே நிற்கிறவர்களின் குரல் செய்துவிடுகிறது. கைத்தட்டும் கோலாட்டக் குச்சியும் பேச்சுக் குரலை விடத் தெளிவாகக் காற்றில் போகும். காரைக்குடி சகோதரர்களின் வீணை கூடத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டியது. சாமி புறப்பாட்டுக்குப் பெரும்பாலும் வீணை வைப்பதில்லை, நாகசுரமும் தவிலும்தான்.

அதனால் ஜமுக்காளத்தைச் சுருட்டி உள்ளே வையுங்கள். அதை விரித்தாலே பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்துவிடுவார்கள். வெளியே போகிற அன்றைக்கு வட்டமாக நிற்க வைத்துத் தாளம் எடுங்கள். செம்மண் தரையில் ஆதி தாளத்தை நடந்து பார்க்கட்டும்: தாளத்தின் முதல் பகுதியான லகுவுக்கு நாலு அடி நேராக, முதல் திருதத்துக்கு இரண்டு அடி வலப்பக்கம், அடுத்ததற்கு இரண்டு அடி இடப்பக்கம். அது கூடிவந்ததும் அதே நேரத்துக்குள் இரண்டிரண்டு அடியாக வைத்தால் இரண்டாம் காலம். இரண்டாம் காலம் என்றால் ஓடுவது என்று பாதிப் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருப்பார்கள். காலால் நடந்து பார்க்கும்போது, ஓடாமலே அது வருகிறது என்று தெரிந்துவிடும். செருப்பைக் கழற்றச் சொல்லாதீர்கள், அந்த நேரத்தில் மண் சுடும்.

வராந்தாவில் மூன்று படி இருக்கிறதா? கீழ்ப்படி ச, நடுப்படி ப, மேல்படி மேல் ச. நீங்கள் பாடுங்கள், பிள்ளை அந்தப் படியில் போய் நிற்கட்டும். இந்த மூன்று மட்டும் போதும், அதற்கு வெட்டவெளியிலும் காது ஏமாறாது. ஏழு படி வேண்டும் என்று ஊருணிக்கு அழைத்துப் போகிற ஆசை வரலாம், நம் ஊருணிகளின் செம்புரான் கல் படிகள் அவ்வளவு அழகு. வேண்டாம். 38 பிள்ளை, ஒரு டீச்சர், தண்ணீர்.

வளவைப் பற்றிக் கேட்டீர்கள். எங்கள் தெருவில் ஓர் ஆச்சி வீட்டுக்குச் சாயங்காலம் நாலரைக்குப் பாட்டு வாத்தியார் வருவார். வளவைச் சுற்றிய தாழ்வாரப் பத்தியில் உட்கார்ந்து இரண்டு பெண் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார், எதிர்ப் பத்தியில் தூணைப் பிடித்துக்கொண்டு நான் இருப்பேன். வாத்தியாருக்குக் குரல் பெரிதில்லை. ஆனாலும் அவர் தொடையில் போடும் தாளம்கூட எனக்குக் கேட்கும். மேலே வானம் திறந்திருக்கும், நாலு பக்கமும் முட்டை வெள்ளைக் கரு சேர்த்துப் பூசி இழைத்த வழவழப்புச் சுவர். காற்றும் வரும், குரலும் போய்த் திரும்பி வரும். பாட்டு வகுப்புக்கு வெளி என்றால் எனக்கு அதுதான் வெளி. உங்கள் பள்ளியில் வளவு இருக்காது. ஆனால் இரண்டு கட்டடம் சேர்கிற மூலை ஒன்று இருக்கும், இல்லாவிட்டால் கிழக்கு பார்த்த ஒரு நீள வராந்தா. மதியத்துக்கு மேல் அங்கே வெயில் விழாது. பிள்ளைகளைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்து, நீங்கள் சுவரை ஒட்டி நில்லுங்கள். சரளி வரிசையை அங்கே எடுக்கலாம். பக்கத்து வகுப்புக்குத் தொந்தரவு என்று சண்டை வரலாம், அதை நீங்கள்தான் பேசித் தீர்க்க வேண்டும்.

தலைமையாசிரியருக்கு ஒரு நாள் ஆதி தாள நடையைக் காட்டுங்கள். அவரையும் வட்டத்தில் இழுத்துவிட்டால் இன்னும் நல்லது. முடிந்தால் 2 மணி பீரியடைக் காலை முதல் பீரியடுக்கு மாற்றிக் கேளுங்கள். கணக்கு டீச்சர் விட மாட்டார், கேட்டுப் பாருங்கள்.

மைக் வேண்டாம். உங்கள் குரலைப் பெரிதாக்கும், பிள்ளைக்குத் தன் குரல் கேட்க அது உதவாது.

அப்புறம், குயில் கூவத் தொடங்கியிருக்குமே. ஆண் குயில் ஒவ்வொரு கூவுக்கும் சுருதியை ஏற்றிக்கொண்டே போய்ச் சட்டென்று நிறுத்திவிடும். நிழல் கிடைக்கிற இடத்தில் மூன்று நிமிஷம் கண்ணை மூடி அதைக் கேட்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கூவுக்கும் மண்ணில் ஒரு கோடு, முந்தின கோட்டை விட உயரமாக. எத்தனை கோடு வந்தது என்று எனக்கு எழுதுங்கள். எங்கள் வீட்டுப் பின்கட்டு மாமரத்துக் குயில் எட்டைத் தாண்டி நான் கேட்டதில்லை.